இருபத்தோரு நாள் பத்தியம்

சர்க்கரை டெஸ்ட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது மட்டும் நம் ஆட்களுக்கு ஞானம் பிறக்கும். வருஷம் முழுக்க அல்வாவும் மிக்சருமாக வளைத்துக் கட்டிவிட்டு, அந்த மூன்று நாள் பாகற்காய்ச் சாறு, இரண்டு சப்பாத்தி, விடிந்தும் விடியாமல் வேகு வேகென்று ஒரு நடை. ரிசல்ட் நன்றாக வந்தால் டாக்டர் திட்டமாட்டார். டாக்டர் திட்டவில்லையென்றால் வியாதி இல்லை. அன்று சாயங்காலமே பேக்கரியில் போய் உட்கார்ந்துவிடலாம்.

மனிதர்கள் வைத்தியம் பார்த்த காலத்தில் இதனால் பெரிய சேதம் ஒன்றுமில்லை. டாக்டருக்கும் விஷயம் தெரியும். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு மூஞ்சியைப் பார்ப்பார், "மூணு நாளா பட்டினியா?" என்று கேட்டுவிட்டுப் பழைய மாத்திரையையே எழுதிக் கொடுப்பார். காவல் வந்த பிறகுதான் வினையே வந்தது.

காவல் என்பது மேல்கையில் கட்டுகிற மூன்று விரல் அகலப் பட்டை. கொதிப்பு, சர்க்கரை, இதயத் துடிப்பு, தூக்கம், நடை எல்லாவற்றையும் அதுவே அளக்கும். மருந்தும் அதற்குள்ளேயே இருக்கும். வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவைத் தோல் வழியாக ஏற்றிவிடும். எழுபது தாண்டியவர்கள் எல்லோரும் கட்டியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. மருந்துக் கடைகளில் அவர்களுக்கு மாத்திரை கொடுப்பதை நிறுத்தினார்கள். நியாயம்தான் என்று ஊரே சொன்னது. காலை மாத்திரையை ராத்திரி போடுவதும், போட்டதை மறந்து இன்னொரு முறை போடுவதும், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது நமக்கும் கேட்கும் என்று இரவல் வாங்கி முழுங்குவதுமாக எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்!

மருதாசலத்துக்கு வயது எழுபத்தாறு. மின்சார ஆபீசில் முப்பத்தெட்டு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவர். சர்க்கரை வந்து இருபது வருஷம், கொதிப்பு வந்து பதினைந்து, முழங்கால் தேய ஆரம்பித்துப் பதினொன்று. வியாதிகளை சர்வீஸ் கணக்கில் சொல்வது அவர் வழக்கம். ராத்திரியில் நாலு முறை பாத்ரூமுக்கு எழுந்திருப்பதை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டார். அவருடைய மனைவி ரங்கநாயகிக்கு எழுபத்திரண்டு. தலைவலித் தைலத்துக்கு மேல் ஒரு மருந்தைத் தொட்டதில்லை. இருவரும் கோயம்புத்தூருக்கு வெளியே, பொள்ளாச்சி ரோட்டில், நிழற்சோலை என்கிற முதியோர் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருந்தார்கள்.

காவலைக் கட்டிவிட வந்த நர்ஸ் ஜெசிந்தா தெளிவாகத்தான் சொன்னாள்.

"பாருங்கய்யா, மொத இருபத்தோரு நாள் இதுக்குப் பழகு காலம். உங்க ஒடம்பு எப்பிடின்னு படிச்சுக்கும், அவ்வளவுதான். இருக்கற மாத்திரைய அதுவரைக்கும் போட்டுக்குங்க. எப்பவும் போல தின்னுங்க, எப்பவும் போல தூங்குங்க. நடிக்க வேண்டாம்."

"நாங்க என்ன நாடகக் கம்பெனியா அம்மிணி?" என்றார் மருதாசலம்.

"இருபத்திரண்டாம் நாள் வந்து சீல் வெப்பேன். அப்பறம் கழட்ட முடியாது. படிச்ச ஒடம்ப வெச்சுத்தான் அதுக்குப் பொறவு எல்லாத்தையும் முடிவு பண்ணும்."

அவள் லிஃப்டில் ஏறியதுதான் தாமதம், எதிர்வீட்டு வையாபுரி கதவைத் திறந்துகொண்டு வந்தார். ரிட்டயரான ஜவுளிக்கடை மேனேஜர், இனிப்பென்றால் உயிர்.

"கேட்டீங்களா? இருபத்தோரு நாளாமுங்க. மூணு நாள் இருந்து பழகுனவிய நாம, இருபத்தோரு நாள் இருக்க மாட்டமா? நாளையிலிருந்து பாகக்கா சாறுதான்."

மறுநாள் காலையில் பார்த்தால் நிழற்சோலையே கீழே நடந்துகொண்டிருந்தது. வாழ்நாளில் வேர்வை பார்க்காத உடம்பெல்லாம் வேர்த்தது. கேன்டீனில் வடை அப்படியே கிடந்தது, வேப்பம்பூ ரசம் தீர்ந்துபோனது. எல்லோருக்கும் டாக்டரிடம் நல்ல பேர் வாங்கியாக வேண்டும். டாக்டரே இல்லையே என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

மருதாசலத்தால் நடக்க முடியாது. இரண்டு நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து பார்த்தார், வயிறு எரிந்தது. மூன்றாம் நாள் காலையில் பட்டையைக் கழற்றி ரங்கநாயகியிடம் நீட்டினார்.

"ரங்கு, நீ நடக்கப் போறபோது இதையும் கட்டிக்க."

"என்ற காவல்தான் இந்தக் கையில இருக்குதுங்களே."

"அந்தக் கை சும்மாதான இருக்குது? பழகு காலத்துல இதுக்கு ஆரு கைன்னே தெரியாது. மாட்டுன கைதான் மருதாசலம்."

"ரெண்டும் ஒரே மாதிரி காட்டுனா கண்டுபிடிச்சுறாதுங்களா?"

மருதாசலம் சிரித்தார். "மீட்டருக்கு மூஞ்சி தெரியுமா? நான் பாக்காத மீட்டரா? ஒருக்கா பீளமேட்டுல பக்கத்துப் பக்கத்து வீடு, ரெண்டு மீட்டர்லயும் அச்சா ஒரே நம்பர். 'மீட்டர் பழுது'ன்னு எழுதிப் போட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். உள்ள என்ன நடக்குதுன்னு எவன் எட்டிப் பாக்கறான்?"

முதலில் காலை நடைக்கு மட்டும்தான். பிறகு, தூக்கத்தையும் அளக்கிறதே என்று ராத்திரிக்கும் ரங்கநாயகியிடமே கொடுத்தார். பிறகு, நடுவில் மாற்றி மாற்றிக் கட்டினால் சந்தேகம் வரும் என்று பகலுக்கும் அவளிடமே இருந்தது. அவரோ மத்தியானம் இரண்டு கை சோறும் சாயங்காலம் ஒரு பன்னுமாக நிம்மதியாக இருந்தார்.

இருபத்திரண்டாம் நாள் ஜெசிந்தா வந்தபோது பட்டை அவர் கையில் இருந்தது. சீல் வைத்துவிட்டு ரிசல்ட்டைப் பார்த்தவள் கண்ணை விரித்தாள்.

"ஐயா, உங்க ஒடம்புக்கு வயசு அம்பத்தெட்டாமுங்க!"

அன்று மருதாசலம் மூன்றாம் மாடி முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். வையாபுரிக்கு அறுபத்தொன்று வந்திருந்தது. அவர் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, வையாபுரியின் காவலில் பச்சை விளக்கு மஞ்சளானது. இன்னொரு வாரத்தில் சக்கர நாற்காலியோடு இரண்டு பேர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள். "எங்கீங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று அவர் கேட்டதற்கு "ஆறாம் மாடிங்கய்யா" என்றார்கள். ஆறாம் மாடியில் என்ன இருக்கிறது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை.

அவர் போன மறுநாள் காலையில் மருதாசலத்தின் பட்டையும் மஞ்சளாக எரிந்தது.

ஜெசிந்தா வந்து, காவலோடு சேர்த்துச் சுவரில் மாட்டிவிட்டிருந்த திரையைப் படித்தாள்.

"விரைவுச் சரிவுன்னு போட்டிருக்குதுங்கய்யா."

"அப்பிடீன்னா?"

"இருபத்தோரு நாள் நல்லா இருந்த ஒடம்பு திடீர்னு இப்பிடி எறங்கினா, உள்ள பெருசா ஏதோ தின்னுட்டு இருக்குதுன்னு அது முடிவு பண்ணுது. இந்த வயசுல அதத் தேடி, அறுத்து, வைத்தியம் பண்றது வதைங்கறது சட்டம். வலி தெரியாம வெச்சுப் பாத்துக்கறதுதான் ஆறாம் மாடி. ஏழு நாள் மஞ்சள் மாறலைன்னா..."

"சர்க்கரை மருந்து?"

"நிறுத்திரும்."

"கொதிப்புக்கு?"

"அதுவும் நிறுத்திரும். அமைதி மருந்து மட்டும் ஓடும்."

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? மருதாசலம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ரங்கநாயகியின் கை, காலை நடை, ராத்திரித் தூக்கம், மைசூர்பாகு, ஒன்றையும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிட் அடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜெசிந்தா நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

"வையாபுரி ஐயாவும் இதையேதான் சொன்னாருங்க. பத்தியம் இருந்தேன், ஏமாத்துனேன்னு. மேல இருக்கற பதினேழு பேரும் சொன்னாங்க. நான் ஒண்ணுவிடாம எழுதி அனுப்புனேன்."

"அனுப்புனதுக்கு?"

"நினைவுக் குழப்பம்னு அதையும் சீக்குலயே சேத்துக்கிச்சு."

"மறுக்காப் பழகு காலம் வெக்கச் சொல்லு அம்மிணி."

"ஒருதடவதாங்கய்யா." அவள் பையை எடுத்துக்கொண்டாள். "நான்தான் மொதல்லயே சொன்னனே, நடிக்க வேண்டாம்னு."

மஞ்சள் வந்த ஐந்தாம் நாள் மத்தியானம் மருதாசலம் முழங்காலை இழுத்துக்கொண்டு ஆறாம் மாடிக்குப் போனார். ஜன்னல் ஓரத்தில் வையாபுரி உட்கார்ந்திருந்தார். மழுமழுவென்று சவரம் செய்து, தலைவாரி, வெள்ளை வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள். முகத்தில் ஒரு சிரிப்பு. கடையில் நல்ல கிராக்கி வந்தால் சிரிக்கிற சிரிப்பு இல்லை, அதிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்ட சிரிப்பு. வலது கால் கட்டைவிரல் கருத்துப்போய், தோல் விட்டிருந்தது.

"ஏனுங்க வையாபுரி, காலு வலிக்குதுங்களா?"

வையாபுரி மெதுவாகக் குனிந்து பார்த்தார். "எந்தக் காலு?" என்று கேட்டார். சிரிப்பு மட்டும் மாறவில்லை.

மருதாசலம் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழ் போட்டார். ரங்கநாயகியின் கொண்டை ஊசியை வாங்கி, சீலைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீல் என்று ஒன்று இருந்தால் அதைத் திறக்க ஒரு வழியும் இருக்கும் என்று அவருக்கு முப்பத்தெட்டு வருஷ அனுபவம். கால்மணி நேரத்தில் பட்டை கழன்றது. ஒரு மூச்சுக்குள் அதை ரங்கநாயகியின் வலது கையில் கட்டினார். கழற்ற முடியாது என்று நம்பிச் செய்த பொருள் அது. வேறு கைக்குப் போயிருக்கும் என்ற சந்தேகமே அதற்குக் கிடையாது.

சாயங்காலத்துக்குள் பச்சை வந்தது.

மறுநாள் ஜெசிந்தா ஓடி வந்தாள். திரையில் பச்சையைப் பார்த்தாள். மருதாசலத்தின் முழுக்கைச் சட்டைக்குள் பழைய பெல்ட்டை வெட்டிக் கட்டியிருந்த புடைப்பைப் பார்த்தாள். பிறகு சமையலறை வாசலில் நின்ற ரங்கநாயகியின் முழுக்கை ரவிக்கையை வெகுநேரம் பார்த்தாள்.

"சித்திரை வெயில்ல முழுக்கை போட்டா வேர்க்குமுங்கம்மா, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கடவுள் அவளை நன்றாக வைத்திருக்கட்டும்.

தப்பித்தோம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் ரங்கநாயகி கேட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்கு இனி மருந்து?"

மருதாசலத்துக்கு அதுவரை அது தோன்றவேயில்லை. மருந்து பட்டைக்குள் இருந்தது. பட்டை ரங்கநாயகியின் கையில் இருந்தது. அவளுக்கு ஒரு வியாதியும் இல்லாததால் அது ஒரு சொட்டும் விடுவதில்லை. உலகத்தின் கணக்கில் மருதாசலம் மருந்தே வேண்டாத ஐம்பத்தெட்டு வயதுக்காரர். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

முறுக்கு டின்னில் பழைய மாத்திரை அட்டைகள் கிடந்தன. அரை அரையாக உடைத்துப் போட்டதில் ஒன்றரை மாதம் வந்தது. அதன்பின் ரங்கநாயகிதான் அவருக்கு மருந்து. உப்பைக் குறைத்தாள், சோற்றை நிறுத்தினாள், கம்பும் கீரையுமாகப் போட்டாள். கால் எரிகிறது என்றால் ஈரத்துணி சுற்றினாள், பாத்ரூமுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். காலையில் அவருக்காகவும் சேர்த்து நடந்தாள். அவருக்குக் கண் மங்கியது, காலையில் எழுந்தால் தலை சுற்றியது. ஆனாலும் அவருடைய விளக்கு பச்சையாக இருந்தது. இதற்கிடையில் வையாபுரிக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கேட்டில் ஒட்டி, மழையில் நனைந்து கிழிந்தும் போயிற்று.

மாத்திரை தீர்ந்த பிறகும் மூன்று மாதம் இப்படி ஓடியது. ரங்கநாயகி மெலிந்தாள். பத்தடி நடந்தால் உட்கார்ந்தாள்.

"அசதியா இருக்குதுங்க."

"உன்ற ரெண்டு கையிலயும் காவல் இருக்குது, ரெண்டும் பச்சைதான? ஒண்ணுன்னா சொல்லாதா?" என்பார் மருதாசலம். இவ்வளவு பட்டும் அந்த மனுஷனுக்கு மீட்டர் மேல் நம்பிக்கை போகவில்லை.

அன்று சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. ரங்கநாயகி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"தாடை வலிக்குதுங்க."

"பல்லா இருக்கும்."

"இல்லீங்க. முதுகும் சேந்து... என்னமோ பண்ணுது..." சொல்லும்போதே நெற்றி முழுக்க வேர்த்துவிட்டது. முறம் மடியிலிருந்து சரிந்தது. அவர் பிடிப்பதற்குள் அவள் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

ரவிக்கைத் துணியின் ஊடே இரண்டு பட்டைகளும் சிவப்பாக எரிந்தன.

"பயப்படாத ரங்கு, சிவப்பு வந்தாச்சு. ஆம்புலன்ஸ் வந்துரும்" என்று அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே சுவரில் இருந்த திரையைப் பார்த்தார். மங்கிய கண்ணுக்கு எழுத்துகள் மெல்லத்தான் பிடிபட்டன. திரை வாசித்தும் காட்டியது, பதற்றமே இல்லாத ஒரு பெண் குரல்.

"அபாய அழைப்பு சரிபார்க்கப்பட்டது. இந்த வீட்டின் இரண்டு காவல்களிலும் துடிப்புக்குத் துடிப்பு ஒரே அளவு. கருவிப் பழுது எனப் பதிவு செய்யப்பட்டது. திங்கட்கிழமை மெக்கானிக் வருவார்."

மருதாசலத்துக்குப் பீளமேட்டு வீடு ஞாபகம் வந்தது. வெயில், சைக்கிள், கையில் நோட்டு. உள்ளே எட்டிப் பார்க்காமல் எழுதிய இரண்டு சொல்.

ஜெசிந்தாவுக்குப் போன் அடித்தார். சனி, ஞாயிறு அவளுக்கு லீவு, போன் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு அடித்தார். எழுபது தாண்டியவர்கள் வாயால் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வராது, காவல்தான் கூப்பிட வேண்டும். "உங்கள் வீட்டுக் கருவிப் பழுது ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்றது அதே பெண் குரல்.

"பழுது இல்ல தாயி! என்ற பொண்டாட்டி சாகறா!" என்று கத்தினார்.

"நன்றி" என்றது குரல்.

"ஏனுங்க..." என்றாள் ரங்கநாயகி. உதடு வெளுத்துவிட்டது. "நெஞ்சு மேல ஆரோ உக்காந்த மாதிரி இருக்குதுங்க."

கொண்டை ஊசியை எங்கே வைத்தோம் என்று தேடினார். அவள் கொண்டையில்தான் இருந்தது. அதை உருவினார். வலது கைப் பட்டையின் சீலில் விட்டு நெம்பினார். கால்மணி நேரம் பிடித்த வேலை இந்த முறை நாலே நெம்பலில் முடிந்தது.

பட்டை அவர் உள்ளங்கையில் வெறுமனே கிடந்தது. மேசையில் வைத்துவிட்டால்? வைக்கலாம். ஒன்றுமே காட்டாத மீட்டரையும் பழுது என்றுதான் எழுதுவார்கள், அவரே எத்தனையோ எழுதியிருக்கிறார். பழுது இல்லை என்று காட்ட வேறு ஓர் உடம்பு வேண்டும். இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்று அதற்குத் தெரிய வேண்டும். அந்த வீட்டில் இன்னொரு கை இருந்தது, மூன்று மாதம் மருந்து காணாத கை.

வையாபுரியின் சிரிப்பு ஒருதரம் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. மருதாசலத்துக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகைதான், மறைப்பானேன்? அழுதுகொண்டே சட்டைக் கையைச் சுருட்டி, பெல்ட் துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பட்டையைத் தன் கையில் கட்டி அமுக்கினார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரை பேசியது.

"பழுது நீங்கியது. ரங்கநாயகி, இதய அடைப்பு. முதல் மருந்து ஏற்றப்படுகிறது. ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில்." ஒரு நொடி நிறுத்திவிட்டு, அதே குரலில், "மருதாசலம், அதிவிரைவுச் சரிவு. ஆறாம் மாடி."

எட்டு நிமிடம் என்றது, ஏழில் வந்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது ரங்கநாயகியின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியிருந்தது. மருந்து வேலை செய்கிறது, பிழைத்துவிடுவார் என்று வந்த பையன் சொன்னான். அவள் ஸ்ட்ரெச்சரிலிருந்து கையை நீட்டி அவர் வேட்டியைப் பிடித்தாள்.

"நீங்க வரலீங்களா?"

"ஸ்ட்ரெச்சரு வெச்சா லிஃப்ட்ல எடம் எங்க இருக்குது? நீ முன்னால போ. நான் அடுத்த லிஃப்ட்ல வர்றேன்."

அவள் அவர் கையைப் பார்ப்பதற்குள் சட்டைக் கையை இறக்கிவிட்டிருந்தார். லிஃப்ட் மூடிக் கீழே இறங்கியது. மூன்று, இரண்டு, ஒன்று என்று எண் மாறுவதை வராந்தாவில் நின்று கடைசிவரை பார்த்தார்.

அடுத்த லிஃப்ட் மேலிருந்து வந்தது. சக்கர நாற்காலியோடு அந்த இரண்டு நல்ல பிள்ளைகள்.

"வாங்கய்யா. பாத்து, மெதுவா எட்டு வைங்க, முழங்காலு வலிக்கும்" என்று ஒருவன் தாங்கினான்.

மருதாசலம் எட்டு வைத்தார். வைத்த இடத்திலேயே நின்று, குனிந்து, காலைப் பார்த்தார். பதினோரு வருஷமாகக் குடைந்த முழங்கால் அன்றைக்கு வலிக்கவேயில்லை.